இலவச ஊசியைத் தோட்டத்துப் பெண் ஏன் பாதியில் நிறுத்துகிறாள்?

வணக்கம். அரச கிளினிக்கில் ஒரு சதமும் வாங்காமல் போடப்படும் கருத்தடை ஊசியை ஒரு பெண் இரண்டாம் முறையோடு நிறுத்திவிட, தேயிலை மலையில் கழிப்பறை இல்லாதது ஒரு காரணமாக இருக்க முடியுமா? முடியும். அந்தக் காரணத்தை என் சித்தி வாயால் கேட்ட நாளிலிருந்து, "தோட்டத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று எவரேனும் பேசினால் எனக்குப் பொறுப்பதில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் குடும்பத் திட்டமிடல் சங்கம் 1953 இல் தொடங்கப்பட்டது; 1965 இல் அரசு அந்தப் பணியைத் தன் சுகாதார சேவைக்குள் எடுத்துக்கொண்டது; தோட்டங்களுக்கு அந்தச் சேவை தாமதமாகவே வந்து சேர்ந்தது.

இனி ஊசிக்கு வருவோம். டெப்போ எனப்படும் இந்தக் கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒரு முறை போடப்படுகிறது. சினைமுட்டை வெளிவருவதை அது தடுக்கிறது. முதல் சில மாதங்களில் பலருக்கு நாள் கணக்கில்லாமல் சிறிது சிறிதாக இரத்தம் படும். மருத்துவ நூல்கள் இதைப் பெரும்பாலும் ஆபத்தில்லாத பக்கவிளைவு என்று எழுதுகின்றன, அது சரியே. ஆனால் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் பின் மலையேறும் பெண், கொழுந்து நிறுக்கும் நேரம் வரை துணி மாற்ற ஒரு மறைவிடமும் இல்லாமல் நிற்கிறாள். என் சித்தி இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குக்கு உள்ளே பழைய சேலைத் துணியை நான்காக மடித்துக் கட்டிக்கொண்டு, சிறுநீர் வந்துவிடுமோ என்ற பயத்தில் நண்பகல் வரை தண்ணீரே குடிக்காமல் கொழுந்து பறித்தார். இடையில் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய் வந்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயான பின்னர், பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய அளவும் கூட்டப்பட்டது என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

கிளினிக்கில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். சித்தி கேட்கத்தான் போனார். அங்கிருந்த மருத்துவ மாதுவுக்குத் தமிழ் தெரியாது; கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சித்திக்குச் சிங்களம் தெரியும். மொழிபெயர்க்க அவருடன் சென்றவள் 12 வயது மகள். அந்தப் பிள்ளையின் வாய்வழியே, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்க, ஒரு தாய் எதைச் சொல்ல முடியும்? "தலைசுற்றுகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

சில மாதங்களில் மாதவிடாய் அடியோடு நின்றது. ஓராண்டு தொடர்ந்து போடுகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அப்படி நிற்பது வழக்கம். லயத்தில் சொன்னதோ வேறு: கெட்ட இரத்தம் வயிற்றில் கட்டிக்கொண்டது என்றார்கள். மழையில்லாத மாதத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலி வற்றினால், குழாய்க்குள் தண்ணீர் கட்டிக்கொண்டது என்று நாம் சொல்வதில்லை; மேலே ஊற்று இல்லை என்கிறோம். ஊசியால் கருப்பையின் உட்படலம் தடிக்காதபோது வெளியேற அங்கே எதுவும் இல்லை. இந்த ஒரு விளக்கம் தமிழில் கிடைத்திருந்தால், சித்தி ஊசியை நிறுத்தியிருக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

மாத்திரையைப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மாமியார் கண்ணில் படாமல் வைக்க இடமில்லை. கணவர்மார் செய்துகொள்ளும் கருத்தடைச் சத்திரசிகிச்சை எளிதானது. அதைப் பற்றி வீட்டில் எவரும் பேசுவதே இல்லை.

ஆகவே, பிள்ளைகள் பிறந்ததும் பெண்ணுக்கு நிரந்தரக் கருத்தடை. நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டத்தில் இது கூடுதல் என்பதைத் தேசிய ஆய்வுகள் காட்டியுள்ளன. அது நம்பகமான முறைதான். ஆயினும் மற்றக் கதவுகள் எல்லாம் அடைபட்டபின் எஞ்சியதை எடுத்துக்கொள்வதை, விரும்பித் தெரிந்தெடுத்தது என்று என்னால் எழுத முடியவில்லை.

இதைப் பார்க்கும் அக்காமாரே, தங்கைமாரே, உங்கள் தோட்டத்தில் கிளினிக் எந்த நாளில், எத்தனை மணிக்கு நடக்கிறது, அன்று போனால் பேர் போட்டுச் சம்பளம் தருகிறார்களா என்பதைக் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். நேரத்தை மட்டும் எழுதினால் போதும், அவற்றைத் தொகுத்து அடுத்த காணொளியில் காட்டுகிறேன்.