ஏழாம் ஆண்டு விடுதலை

அவையோருக்கு வணக்கம். யூதமும் கிறிஸ்தவமும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், ஒரே கடவுள் என்ற கொள்கையிலிருந்துதான் நம்மில் பலரும் பேச்சைத் தொடங்குவோம். நான் கடனிலிருந்து தொடங்கப் போகிறேன். வட்டி, அடமானம், கொத்தடிமை. தத்துவக் கூட்டத்தில் இதென்ன கந்துவட்டிப் பேச்சு என்று முகம் சுளிக்காதீர்கள். கடவுள் பெயரால் பேசிய யூதத் தீர்க்கதரிசிகள் ஓயாமல் பேசியது இதைத்தான்.

முதலில், இன்றைய ஈராக்கில் இருந்த பாபிலோன். விளைச்சல் பொய்த்தால் குடியானவன் கடன் வாங்குவான். திருப்ப முடியாவிட்டால் மனைவி மக்கள் கடன் கொடுத்தவன் வீட்டு வேலைக்குப் போக வேண்டும். மூன்று ஆண்டு உழைத்தால் நான்காம் ஆண்டில் அவர்களை விட்டுவிட வேண்டும் என்றது பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டம். இதற்கு மேல், அரசர்கள் அவ்வப்போது கடன் தள்ளுபடி ஆணையும் போட்டார்கள். கி.மு. 17ஆம் நூற்றாண்டில் அம்மிசதூகா என்ற பாபிலோன் அரசன் போட்ட ஆணை களிமண் பலகைகளில் நமக்குக் கிடைத்திருக்கிறது. இதைக் கருணை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. குடியானவர்கள் எல்லாரும் தனியாருக்கு அடிமையாகிவிட்டால், அரசனுக்கு வரி கட்டவும் படைக்குப் போகவும் ஆள் ஏது?

யூதர்களின் முன்னோரான இஸ்ரவேலர் இந்த ஏற்பாட்டை அரசன் கையிலிருந்து பிடுங்கினார்கள். ஏழாம் ஆண்டில் கடன் விடுதலை என்கிறது அவர்களின் வேதநூலான உபாகமம். ஐம்பதாம் ஆண்டில், விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்கிறது இன்னொரு வேதநூலான லேவியராகமம். காரணமும் சொல்கிறது: நிலம் கடவுளுடையது, நீங்கள் அதில் குடியிருக்க வந்தவர்கள். அரசனுக்கு மனம் இரங்கினாலும் இரங்காவிட்டாலும் அந்த ஆண்டு வரும். அரசனையும் கட்டுப்படுத்தும் சட்டம் அரசனுக்கு மேலே இருக்கிறது என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. ஒரே கடவுள் கொள்கையின் சமூக முகம் இதுதான் என்பது என் கருத்து.

சரி, சட்டம் எழுதினால் ஆயிற்றா? கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தெக்கோவா ஊர் மந்தைக்காரர் ஆமோஸ், ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்கிறீர்களே என்று பணக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். எரேமியா தீர்க்கதரிசியின் நூலில் 34ஆம் அதிகாரம் இன்னும் மோசமான ஒன்றைச் சொல்கிறது. பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்துக்கொண்டது. பயந்துபோன யூதா நாட்டு அரசன் சிதேக்கியாவும் பிரபுக்களும், தம் இனத்தவரான எபிரெய அடிமைகளை எல்லாம் விடுவிப்பதாகக் கோயிலில் உடன்படிக்கை செய்து விடுவித்தார்கள். எகிப்தியப் படை வருகிறது என்று கேட்டு பாபிலோன்காரர்கள் கொஞ்சம் விலகிப் போனார்கள். உடனே பிரபுக்கள் அதே அடிமைகளைப் பிடித்து வந்து மறுபடி கட்டிப்போட்டார்கள்! எரேமியா கொதித்தார். முற்றுகையும் திரும்பி வந்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரமும் கோயிலும் எரிந்தன, மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். ஊர் திரும்பிய பிறகாவது திருந்தினார்களா என்றால், பாரசீக மன்னனின் வரி கட்ட வயலை அடமானம் வைத்தோம், பெண் பிள்ளைகளை அடிமையாக்கினோம் என்று யூதேயாவின் ஆளுநர் நெகேமியாவிடம் ஜனங்கள் முறையிட்டார்கள்.

ரோமர் காலத்துக்கு வருவோம். ஏழாம் ஆண்டு நெருங்கினால் யாரும் கடன் கொடுப்பதில்லை. கொடுத்தால் போய்விடுமே! ஏழைக்கு விதைநெல் வாங்கக்கூடக் கைமாற்று கிடைக்காது. அதற்கு ஹில்லேல் என்ற பெரிய ஆசான் ஒரு வழி கண்டார். கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைப்பதாக எழுதிவிட்டால் ஏழாம் ஆண்டு அதைத் தொடாது. இதை ஏமாற்று என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கையில் காசில்லாதவனுக்கு அன்றைய தேவை கடன்தான்.

இயேசு வேறு பக்கம் போனார். நாசரேத்து ஊரில் யூதர்கள் கூடித் தொழும் ஜெபஆலயத்தில், ஏசாயா தீர்க்கதரிசியின் சுருளை எடுத்து, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை அறிவிக்கும் பகுதியை வாசித்து, இது இன்று நிறைவேறிற்று என்றார். பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியனின் கதையும் அவர் சொன்னதுதான். ஒரு தாலந்து 6,000 வெள்ளிக்காசு, ஒரு காசு ஒரு நாள் கூலி என்று வைத்தால் 6 கோடி நாள் கூலி. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். மனைவி பிள்ளைகளை விற்றுக் கடனை அடை என்று கதையில் வரும் அரசன் சொன்னதும் சிரிப்பு நின்றிருக்கும். அது அவர்கள் அறிந்த வாழ்க்கை.

யூதேயப் பாலைவனத்து முரப்பாத் குகையில் ஒரு கடன் பத்திரம் கிடைத்தது. ரோமப் பேரரசன் நீரோவின் இரண்டாம் ஆண்டு, அதாவது கி.பி. 55-56. ஏழாம் ஆண்டாகவே இருந்தாலும் திருப்பித் தருவேன் என்று அதில் கடன் வாங்கியவர் ஒப்புக்கொள்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுல், கிரேக்கப் பகுதிகளான மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார்.

பத்தாண்டு கழித்து, கி.பி. 66இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தபோது, எருசலேமில் கடன் பத்திரங்கள் இருந்த ஆவணக் கிடங்குக்குக் கிளர்ச்சியாளர்கள் தீ வைத்தார்கள். கடன்பட்டவர்களைத் தம் பக்கம் சேர்க்கவும், ஏழைகள் பணக்காரர்களை எதிர்த்துத் துணிந்து எழவும் செய்த வேலை இது என்று எழுதுகிறார் அக்கால யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ். அவரே குருமார் குடும்பத்துச் செல்வர், கிளர்ச்சியாளர்களை வெறுத்தவர். கி.பி. 70இல் ரோமர் கோயிலை இடித்தார்கள். கோயிலை நம்பியிருந்த குருமார் ஆட்சி அதோடு போயிற்று. எஞ்சி வளர்ந்தவை ஹில்லேல் மரபில் வந்த ரபிகள் என்ற யூத ஆசான்களின் வழியும் இயேசுவைப் பின்பற்றியவர்களின் வழியும்தான்.