"தெரியல, தொட்டுப் பார்க்கணும்": மாட்டை நல்லா அறிஞ்சவங்க ஏன் இப்படிப் பேசறாங்க?

[காட்சி: தரையில் படுத்திருக்கும் பசு. கழுத்து மடிஞ்சு, தலை விலாப் பக்கம் சாய்ஞ்சிருக்கு.]

கன்று போட்டு ரெண்டு நாள்கூட ஆகல. காலையில எழுந்திருக்கல. சுத்தி நிக்கிற நாலு பேர்ல மூணு பேர்கிட்ட பதில் தயாரா இருக்கு: "பால் காய்ச்சல்தான். கால்சியம் ஏத்தினா எழுந்திடும்." நாலாவது ஆள் முப்பது வருஷமா மாடு வச்சிருக்கிறவர். அவர் ஒண்ணும் சொல்லல. குனிஞ்சு காது நுனியைப் பிடிச்சுப் பார்க்கறார்.

இந்த வீடியோ அந்த நாலாவது ஆளைப் பத்தி. நிறைகுடம் தளும்பாதுன்னு சொல்லிட்டு நகர்ந்துடலாம். ஆனா அங்க நடக்கிறது வெறும் அடக்கம் இல்ல. வாயை மூடிக்கிட்டிருக்கிற அந்த ரெண்டு நிமிஷத்துல அவர் மூணு விஷயத்தைப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டிருக்கார்.

முதல்ல உடம்புச் சூடு. நல்லா இருக்கிற பெரிய மாட்டுக்கு ஆசனவாயில தெர்மாமீட்டர் வச்சா 38-லிருந்து 39.3 டிகிரி செல்சியஸ் வரைக்கும் காட்டும். பால் காய்ச்சல்னு பேர்தான் காய்ச்சல். ரத்தத்துல கால்சியம் இறங்கின மாட்டுக்கு உடம்பு பெரும்பாலும் சில்லுன்னு ஆகி, 38-க்கும் கீழ போகும். காது குளிர்ந்திருக்கும், மூக்கு நுனி காய்ஞ்சிருக்கும், சாணம் வராது. இந்தப் பேரை வச்சவர் தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்திருக்க மாட்டார்.

ரெண்டாவது மடி. நாலு காம்புலயும் ஒவ்வொரு பீச்சு எடுத்துப் பார்க்கறார். பாலுக்குப் பதிலா தண்ணி மாதிரி, மஞ்சளா ஏதாவது வந்தா, அது நச்சு பரவின கடும் மடிநோயா இருக்கலாம். அந்த மாடும் இதே மாதிரி படுத்திருக்கும். அதுக்கும் காது குளிர்ந்திருக்கலாம், சூடு இறங்கியிருக்கலாம். அந்த மாட்டுக்கு அவசரமா கால்சியத்தை ரத்தக் குழாயில ஏத்தினா இதயம் தாங்காமப் போகலாம்.

மூணாவது பின்னங்கால். பெரிய கன்று, இழுத்து எடுத்த பிரசவம்னா, இடுப்புக்குள்ள போற நரம்பு நசுங்கியிருக்கலாம். அந்த மாடு தெளிவா இருக்கும், தீவனம் தின்னும், எழுந்திருக்கப் பார்க்கும். ஆனா பின்னங்கால் ரெண்டும் விரிஞ்சு வழுக்கும். அதுக்குக் கால்சியம் எத்தனை பாட்டில் போட்டாலும் நரம்பு சரியாகாது. மெத்துன்னு, வழுக்காத தரைதான் வேணும்.

இந்த மூணும் ஒரே மாட்டுல சேர்ந்தும் வரலாம். அதனாலதான் அவர் வாய் திறக்கல.

[காட்சி: கால்சியம் பாட்டில், குழாய். டாக்டர் மாட்டின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கிறார்.]

கால்சியம்தான் வேணும்னு முடிவானாலும் அதைப் போடறதுல ஒரு வேகக் கணக்கு இருக்கு. ரத்தக் குழாயில ஏத்தறது டாக்டர் வேலை. நிமிஷத்துக்குச் சுமார் ஒரு கிராம் கால்சியம், அதாவது ஒரு பாட்டில் இறங்கக் குறைஞ்சது 10 நிமிஷம். மருந்து உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பா இருக்கணும். இதயத் துடிப்பைக் கேட்டுக்கிட்டே ஏத்தணும். துடிப்பு தாறுமாறா ஆனா நிறுத்தணும். வேகமா ஏத்தினா இதயம் நின்னுடும். பலிக்குதுன்னா ஏப்பம் வரும், தசை நடுங்கும், சாணம் போடும், மூக்கு நுனியில வேர்வை முத்து நிக்கும்.

சாய்ஞ்சு கிடக்கிற மாட்டு வாயில எதையும் ஊத்தக் கூடாது. அதுக்கு விழுங்கற சக்தி குறைஞ்சிருக்கும். ஊத்தினது நுரையீரலுக்குள்ள போகும். சில மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாத்திப் போடணும், இல்லன்னா அடியில சிக்கின கால் தசை செத்துப் போகும். கால்சியம் சரியாப் போய், மாடு எழுந்திருக்காமப் போறதுக்கு இது ஒரு பெரிய காரணம். எழுந்த மாடும் ஒரு நாளுக்குள்ள மறுபடி விழலாம். அதனால மாடு எழுந்தவுடனே கை தட்டற ஆளா அவர் இருக்க மாட்டார்.

சரி, அனுபவம்னா என்ன? முப்பது வருஷம் மாடு வச்சிருந்தா கண்ணு தானாக் கூர்மையாகிடுமா?

டேனியல் கானமன், கேரி க்ளைன்னு ரெண்டு உளவியலாளர்கள். நிபுணர்களோட உள்ளுணர்வை முதல் ஆள் சந்தேகத்தோட பார்த்தவர். ரெண்டாவது ஆள் தீயணைப்பு வீரர்களோட முடிவுகளை ஆராய்ஞ்சு, அதே உள்ளுணர்வை மதிச்சவர். 2009-ல இவங்க சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல வந்த முடிவு: உள்ளுணர்வை நம்பணும்னா ரெண்டு நிபந்தனை வேணும். நாம பார்க்கிற விஷயத்துல ஒரு ஒழுங்கு இருக்கணும். நாம சொன்னது சரியா தப்பான்னு நமக்குத் திரும்பத் திரும்பத் தெரியவரணும்.

இதை அப்படியே மாட்டுக் கொட்டகைக்குள்ள கொண்டு போங்க. வயிறு உப்புசமா இல்லையான்னு நீங்க சொன்னது சரியாங்கிறது அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும். இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல இருக்கிற பள்ளம் நிரம்பி, முதுகு மட்டத்துக்கு மேல எழும்பினா, மாட்டுக்கு நேரம் அதிகம் இல்ல. அசை போடறதும் இப்படித்தான். நல்லா இருக்கிற மாடு ஒரு நாளைக்கு 7-லிருந்து 8 மணி நேரம் அசை போடும். ஒரு கவளத்துக்கு 50, 60 தடவை மெல்லும். கூட்டத்துல ஒரு மாடு மட்டும் அசையை நிறுத்தினா, கை பழகினவங்க கண்ணு அங்க போய் நிக்கும். காரணம் கேட்டா, "பார்வை சரியில்ல"ம்பாங்க. இங்க அந்தக் கண்ணை நம்பலாம். தினமும் பரீட்சை எழுதி, தினமும் மார்க் வாங்கின கண்ணு அது.

ஆனா வெளியில தெரியாத மடிநோய்? பால் வெள்ளையா இருக்கும், மடி மெத்துன்னு இருக்கும், மாடு நல்லா தின்னும். உள்ள மட்டும் வெள்ளை அணுக்கள் ஏறியிருக்கும். இதுக்கு யாருமே மார்க் போடறதில்ல. அதனால இந்த விஷயத்துல முப்பது வருஷ அனுபவமும் மூணு மாச அனுபவமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இது தெரிஞ்சவர் நாலு குழி இருக்கிற தட்டை எடுப்பார். முதல் பீச்சுகளைத் தனியா விட்டுட்டு, ஒவ்வொரு காம்புலருந்தும் 2, 3 மில்லி பால், அதே அளவு சிஎம்டி (கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை) திரவம், 10 விநாடி வட்டமாச் சுழற்றணும். கூழ் மாதிரி திரண்டா அந்தக் காம்புல பிரச்சினை. பார்க்கிறதை உடனே பார்த்திடணும். நேரமானா லேசாத் திரண்டது கலைஞ்சிடும்.

நாம சொல்ல வர்ற பணிவு இதுதான். "எனக்கு எதுவும் தெரியாது"ன்னு கும்பிடறது இல்ல. எது கண்ணுக்குத் தெரியும், எதுக்குத் தட்டும் தெர்மாமீட்டரும் வேணும்னு கோடு போட்டு வச்சிருக்கிறது.

[காட்சி: நோட்டுப் புத்தகம். மாட்டின் எண், பருவத்துக்கு வந்த தேதி, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட தேதி.]

இந்தக் கோடு எங்க இருக்குன்னு காட்டிக் கொடுக்கிறதுல சினைப்பருவத்துக்கு ஈடு எதுவும் இல்ல. கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

மாட்டுக்குப் பருவச் சுழற்சி சராசரி 21 நாள். 18-லிருந்து 24 வரைக்கும் இயல்பு. உறுதியான அறிகுறி ஒண்ணே ஒண்ணு: இன்னொரு மாடு மேல தாவினா அசையாம நின்னு கொடுக்கிறது. கண்ணாடி மாதிரி வழும்பு, கத்தறது, பால் குறையறது எல்லாம் துணை அறிகுறிகள். கட்டியே வளர்க்கிற மாட்டுக்கு அந்த முதல் அறிகுறி கிடைக்கவே கிடைக்காது, அதனால தப்பும் அதிகம். நின்னு கொடுக்கிற நேரம் முடிஞ்சு சுமார் 10, 12 மணி நேரம் கழிச்சுத்தான் முட்டை வெளிய வரும். அதான் காலையில பருவம் தெரிஞ்சா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிஞ்சா மறுநாள் காலையில ஊசிங்கிற கணக்கு.

சினை நிக்கலன்னா ஊசி சரியில்ல, போட்டவர் சரியில்ல, மாடே சரியில்லன்னு மூணு குற்றவாளி உடனே கிடைப்பாங்க. கை பழகினவர் நோட்டைப் புரட்டி, ரெண்டு பருவத்துக்கு நடுவுல எத்தனை நாள்னு எண்ணுவார். 18-லிருந்து 24-ன்னா பருவம் சரியாத்தான் பார்த்திருக்கோம், காரணத்தை வேற இடத்துல தேடணும். 36-லிருந்து 48-ன்னா நடுவுல ஒரு பருவம் வந்து போயிருக்கு, நாமதான் பார்க்கல. 10, 12 நாள்ல திரும்ப வந்திருக்குன்னா, அந்த ரெண்டுல ஒண்ணு பருவமே இல்ல. பருவம் இல்லாத மாட்டுக்கு ஊசி போட்டிருக்கோம். 25-லிருந்து 35-ன்னா கரு தங்கி ஆரம்பத்துலயே கலைஞ்சிருக்கலாம், இல்ல தேதியே தப்பா எழுதியிருக்கலாம். ஒரு மாட்டுக்கு இப்படி வந்தா தற்செயல். பத்து மாட்டுல நாலுக்கு 40-க்கு மேல வந்தா, மாட்டைப் பார்க்கிற நேரத்தை மாத்தணும். ராத்திரியும் விடியற்காலையும்தான் நிறைய மாடு நின்னு கொடுக்கும். அப்ப யாரும் கொட்டகைக்குப் போறதில்ல.

பருவம் முடிஞ்சு ஒண்ணு, ரெண்டு நாள்ல வால்ல ரத்தம் ஒட்டியிருக்கும். "ரத்தம் வந்தாச்சு, சினை நிக்கல"ன்னு பல பேர் அடிச்சுச் சொல்லுவாங்க. தப்பு. சினை நின்னுச்சா இல்லையாங்கிறதை அந்த ரத்தம் சொல்லாது. பருவம் வந்து போச்சுங்கிறதை மட்டும்தான் சொல்லும். ஊசி போடாத மாட்டுல பார்த்தா தேதியைக் குறிச்சு, அதுலருந்து 17, 18 நாள் கழிச்சு கவனிக்க ஆரம்பிக்கணும்.

[காட்சி: கன்று ஈனும் பசு. கொஞ்ச தூரத்துல ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார்.]

பிரசவத்துல பாதி தெரிஞ்சவர் செய்யற முதல் தப்பு, சீக்கிரம் இழுக்கிறது. கருப்பை வாய் முழுசாத் திறக்கறதுக்கு முன்னால இழுத்தா கிழியும். பனிக்குடம் தெரிஞ்சு, மாடு நல்லா முக்கறப்ப, ஏற்கனவே ஈன்ற மாட்டுக்கு அரை மணி நேரம், கிடேரிக்கு ஒரு மணி நேரம் துளிகூட முன்னேற்றம் இல்லன்னா கையை விட்டுப் பார்க்கணும். கையையும் மாட்டோட பின்புறத்தையும் கழுவி, வழுக்கறதுக்கு நிறைய திரவம் தடவி.

உள்ள கைக்குக் கிடைக்கிறது முன்னங்காலா பின்னங்காலா? குளம்புக்கு மேல இருக்கிற ரெண்டு மூட்டையும் மடக்கிப் பாருங்க. ரெண்டும் ஒரே பக்கம் மடங்கினா முன்னங்கால், எதிர் எதிரா மடங்கினா பின்னங்கால். முன்னங்கால் ரெண்டோட தலையும் சேர்ந்து வரணும். தலை பின்னால திரும்பியிருந்தா இழுக்கவே கூடாது. எல்லாம் சரியா இருந்தா, மாடு முக்கறப்ப மட்டும், ஒரு காலை விட்டு ஒரு காலா இழுத்து, நெஞ்சு வெளிய வந்ததும் கீழ்நோக்கி. ரெண்டு ஆள் பலத்துக்கு வரலன்னா நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடணும். மூணாவது ஆளைத் தேடக் கூடாது.

இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழலன்னா கல்லைக் கட்டித் தொங்கவிடறதும், பிடிச்சு இழுக்கறதும் கருப்பையைக் கிழிக்கும். 24 மணி நேரம் தாண்டினா, இல்ல நடுவுலயே காய்ச்சல் வந்து தீவனம் தின்னாம இருந்தா, டாக்டர். கன்றுக்குச் சீம்பால் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. முடிஞ்சா முதல் 2 மணி நேரத்துக்குள்ள, கன்று எடையில பத்துல ஒரு பங்கு. நேரம் ஆக ஆக நோய் எதிர்ப்புப் பொருளை உள்ள விடற குடலோட கதவு மூடிக்கிட்டே வரும்; ஒரு நாள்ல முழுசா மூடிடும்.

டாக்டருக்குப் போன் பண்றதுலயும் ஆளைக் கண்டுபிடிச்சிடலாம். ஒருத்தர் நோயோட பேரைச் சொல்லி மருந்து கேப்பார். இன்னொருத்தர், "கன்று போட்டு 30 மணி நேரம் ஆகுது, சூடு 37.4, நேத்து ராத்திரியிலிருந்து சாணம் இல்ல, மடி பார்த்தேன் சுத்தமா இருக்கு, இதுவரைக்கும் எந்த மருந்தும் குடுக்கல"ன்னு அஞ்சு விஷயம் சொல்லிட்டு நிறுத்திடுவார். நோய் என்னன்னு அவருக்கும் ஒரு யூகம் இருக்கும். கேட்டாத்தான் சொல்லுவார், ஏன்னா முதல்ல சொல்ற பேர் எதிர்ல இருக்கிறவர் காதுல ஒட்டிக்கும். (ஒரு மாடுகூடச் செத்ததில்லன்னு சொல்றவர்கிட்ட எத்தனை மாடு, எத்தனை வருஷம்னு ஒரு வார்த்தை கேட்டு வைங்க.)

கடைசியா, எடை. 1906-ல இங்கிலாந்துல ஒரு கால்நடைக் கண்காட்சியில, ஒரு காளையை வெட்டிச் சுத்தம் பண்ணினா எவ்வளவு எடை இருக்கும்னு போட்டி வச்சாங்க. பிரான்சிஸ் கால்டன்னு ஒரு விஞ்ஞானி அந்தச் சீட்டுகளை வாங்கி எண்ணிப் பார்த்தார். செல்லுபடியானது 787; நடு மதிப்பு (வரிசையா அடுக்கினா நடுவுல நிக்கிற யூகம்) 1,207 பவுண்டு, உண்மையான எடை 1,198. எல்லாரையும் சேர்த்தா குறி தப்பல. ஆனா தனித்தனியா சில பேர் நல்லாவே தள்ளிப் போயிருந்தாங்க. கொட்டகையில நிக்கிற நாம 787 பேர் இல்ல, ஒரே ஆள். குடற்புழு மருந்தைக் கண் மதிப்புல குறைச்சுப் போட்டா, பிழைச்ச புழு மருந்துக்குப் பழகிடும்.

அதனால டேப் எடுங்க. முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு முனை வரைக்கும் நீளம், ரெண்டும் சென்டிமீட்டர்ல. சுற்றளவை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 10,840-ஆல வகுத்தா எடை ஏறக்குறைய கிலோவுல வரும். சுற்றளவு 180, நீளம் 150-ன்னா சுமார் 448 கிலோ.

டேப் வைக்கிறதுக்கு முன்னால உங்க யூகத்தை நோட்டுல எழுதிடுங்க. தெர்மாமீட்டர் வைக்கிறப்பவும் அப்படியே, தட்டைச் சுழற்றறப்பவும் அப்படியே. யூகம் ஒரு பத்தி, அளவு ஒரு பத்தி. இருபது வரி சேர்ந்ததும் ரெண்டு பத்தியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.