விழித்திருப்பதும் கற்பதும்

நேயர்களுக்கு வணக்கம். தேர்வு நெருங்கும்போது சில மாணவர்கள், மருத்துவர் எழுதித் தராமலேயே, ஊக்க மாத்திரைகளை விழுங்கிவிட்டு இரவு முழுவதும் படிக்கிறார்கள் என்பது எனக்கு ஆழ்ந்த கவலை தருகிறது. அவை நினைவாற்றலைப் பெருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. மூளை கற்கும் விதமோ வேறு.

டோபமின் மூளையில் தனிப் பணி உடைய வேதிப்பொருள் என்பதை 1950களின் இறுதியில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்வித் கார்ல்சன் காட்டினார். அதை இன்பம் தரும் பொருள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது அதைவிட நுட்பமானது. எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு நாவில் விழுந்தபோது டோபமின் செல்கள் ஒரு கணம் வேகமாகத் துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, அந்தத் துடிப்பு விளக்கு எரியும் கணத்துக்கே நகர்ந்துவிட்டது. சாறு வந்தபோது சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, அது வந்திருக்க வேண்டிய அதே நொடியில் செல்கள் அடங்கிப்போயின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே அவை அறிவிக்கின்றன. கற்றல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த ஊக்க மாத்திரைகளில் ஒன்றான மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து, வெளிவந்த டோபமினைச் செல்கள் திரும்ப உறிஞ்சும் வாயிலை அடைக்கிறது. ஆம்ஃபெட்டமின் என்ற மற்றொன்று அதே வாயில் வழியாக டோபமினை வெளியே தள்ளவும் செய்கிறது. இப்படிப் பல மணி நேரம் உயர்ந்தே இருக்கும் அளவு, சரி எது தவறு எது என்று காட்டும் அந்தக் கணநேரத் துடிப்புக்கு ஈடாகிவிடாது. மூளை மேலடுக்கின் முன்பகுதியான முன்மூளைப் புறணியிலோ டோபமின் குறைந்தாலும், செய்திகளைச் சில நொடிகள் மனத்தில் வைத்துக் கையாளும் செயல்பாட்டு நினைவு தளரும், மிகுந்தாலும் தளரும். ஆகவேதான் ஏடிஎச்டி எனும் கவனக் குறைபாடு உள்ளவர்களுக்கு, மருத்துவர் கணித்த அளவில், இம்மருந்துகள் மெய்யாகவே உதவுகின்றன. அவர்கள் யாரும் என் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்குறைபாடு இல்லாதவர்களின் நிலை என்ன? 2023இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளிவந்த ஆய்வில், எடை வரம்புக்குள் மிகுந்த மதிப்புள்ள பொருட்களைத் தேர்ந்து பையை நிரப்பும் புதிர் 40 பேருக்குத் தரப்பட்டது. ஊக்க மருந்து உட்கொண்டபோது அவர்கள் கூடுதலாக உழைத்தார்கள்; பொருட்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள்; ஆனால் அந்த முயற்சியின் தரம் குறைந்தது. விழிப்பும் முனைப்பும் கூடியதை அறிவு கூடியதாக எடுத்துக்கொள்வது எத்தனை எளிது!

இன்னொன்றும் உண்டு. பகலில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளையின் நினைவுப் பகுதி பதிந்துகொண்டவை ஆழ்ந்த உறக்கத்தில் மீண்டும் ஓட்டிப் பார்க்கப்பட்டு, புறணியில் மெல்ல நிலைபெறுகின்றன. இரவில் விழுங்கும் மாத்திரை அந்த உறக்கத்தைப் பறித்துவிடுகிறது. விடியும்வரை புரட்டிய பக்கங்கள், அந்த வேலை நடக்காமலேயே, மாணவரோடு தேர்வு அறைக்குள் நுழைகின்றன.