இடைவேளையில் கூடிய குடும்பம்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாலை விளையாட்டை விட்டுவிட்டு இந்த நூலக முற்றத்துக்கு வந்திருக்கும் குழந்தைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு பார்க்கத்தக்க திரைப்படங்களைப் பற்றிப் பேசும்படி வாசகர் வட்டத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எனக்குப் பிடித்த படங்களின் பெயர்களைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் இடைவேளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் சேர்ந்து படம் பார்த்ததா இல்லையா என்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

என் தாத்தாவின் ஊர் கும்பகோணத்துக்கு அருகில் இருக்கிறது. 1970-களில், முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எங்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஊர் எல்லையில், அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயல்களைத் தாண்டி, கூடாரம் போட்டுப் படம் காட்டும் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அதன் ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டு கேட்டதும், அடுப்பைத் தணிப்பதும் தலையை முடிவதும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்வதுமாகத் தெருவே பரபரக்கும். தரை டிக்கெட் பகுதியில் ஆற்று மணல் பரப்பியிருப்பார்கள். பகலெல்லாம் வெக்கையில் கிடந்த அந்த மணல் மேலே ஆறிப் போயிருக்கும். கையை உள்ளே விட்டுத் துழாவினால் அடியில் இன்னும் கதகதப்பு இருக்கும். அதைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்காருவோம். பின்னால் இருப்பவர் அதட்டினால் இடித்துவிட்டு, விளக்கு அணைந்ததும் மறுபடி கட்டுவோம்.

அந்தக் கொட்டகையில் குடும்பம் ஒன்றாக உட்காரவில்லை என்பது இங்கே இருக்கும் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்காது. தரையில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவே இடுப்பளவில் ஒரு தடுப்பு. அம்மாவும் பாட்டியும் சித்தியும் அந்தப் பக்கம். அப்பாவும் மாமாவும் இந்தப் பக்கம். படம் ஓடும்போது ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருந்தது. ஆயிரம் அடி படச்சுருள் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். நகரத்துத் தியேட்டர்களில் இரண்டு புரொஜெக்டர்களை வைத்து, ஒன்றில் சுருள் முடியும் கணத்திலேயே மற்றொன்றை ஓடவிடுவதால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. எங்கள் கொட்டகையிலோ சுருள்களை ஒட்டிப் பெரிய சுருளாக்கி ஓட்டுவார்கள். அது தீர்ந்ததும் விளக்கைப் போட்டே ஆக வேண்டும். அதனால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை, சில நாள் நான்கு.

விளக்கு எரிந்ததும் எனக்கு வேலை வந்துவிடும். அப்பா வாங்கித் தந்த முறுக்கையும் கடலை மிட்டாயையும் தடுப்பின் மேல் ஏறி அந்தப் பக்கம் கொண்டுபோவேன். போகும்போது "அந்தப் பெண் கடைசியில் இவனைத்தான் கட்டிக்கொள்வாளா என்று பாட்டியைக் கேள்" என்று மாமா சொல்லி அனுப்புவார். "அவன் நடையைப் பார்த்தாலே தெரியவில்லையா, அவன் சரியில்லை என்று சொல்லு" என்று பாட்டி பதில் அனுப்புவாள். சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேசி நான் கேட்டிராத அம்மாவும் மாமாவும் அந்தத் தடுப்பின் இரு பக்கமும் நின்றுகொண்டு கதையைப் பற்றித் தர்க்கம் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தின் குறையால் வந்த ஓய்வுதான் எங்கள் வீட்டாரை ஒன்றாக உட்கார வைத்தது.

இந்தக் கொட்டகைகளின் மூலவரை ஒரு வார்த்தை நினைத்துக்கொள்ள வேண்டும். திருச்சியில் ரயில்வேயில் வரைபடக்காரராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப் படத்தையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தர அரங்கையும் கட்டினார். மாதச் சம்பளத்தை உதறிவிட்டு ஒரு மனிதர் கூடாரத்தைத் தோளில் சுமந்த துணிச்சலால்தான் எங்கள் ஊர் வயல்வெளி வரைக்கும் சினிமா வந்து சேர்ந்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

பிறகு தூர்தர்ஷன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்தின் நடுவே செய்தி வாசிப்பார்கள், தெருவில் டி.வி. இருந்த ஒரே வீட்டின் கூடத்தில் குழுமியிருந்த பெண்கள் அந்த நேரத்தில் ஓடிப்போய் உலையை வைத்துவிட்டு வருவார்கள். அதற்கும் பிறகு, விடுமுறையில் ஓர் இரவுக்கு வீடியோ கேசட் ஓட்டும் டெக்கை வாடகைக்கு எடுத்து, மூன்று கேசட்டும் சேர்த்து வாங்கி, விடிய விடியப் பார்த்த காலம். ஒரு கேசட் மாற்றும் நேரத்தில் காபி; படம் கோடு கோடாகத் தெரிந்தால், டெக்கின் உள்ளே இருக்கும் ஹெட்டைத் துடைக்கப் புத்தம்புதுச் சலவை ரூபாய் நோட்டைத் தேடும் நேரத்தில் இன்னொரு காபி. எங்கே பார்த்தாலும் அந்த நிறுத்தம் இருந்தது. அந்த நிறுத்தத்தில் பேச்சு இருந்தது.

இனி படங்களுக்கு வருகிறேன். கோடை இரவில் மூன்று தலைமுறையும் உட்கார்ந்து பார்க்க எதை வைக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, 1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. அதில் நாகேஷ், 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' தொடங்கிப் படம் எடுக்கப் போவதாகச் சொல்லித் திரியும் செல்லப்பா. தந்தையாக வரும் பாலையாவுக்கு அவர் ஒரு திகில் கதை சொல்லும் காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்; அடுத்த முறை பார்க்கும்போது தயவுசெய்து பாலையாவை மட்டும் பாருங்கள். திரையில் பேய் இல்லை, இருட்டு இல்லை, கதவு இல்லை. எல்லா ஓசையையும் நாகேஷ் தம் வாயாலேயே எழுப்புகிறார். முதலில் மகனின் தொல்லையைச் சகித்துக்கொள்ளும் தந்தையாகத்தான் பாலையா உட்கார்ந்திருக்கிறார். பிறகு கண்கள் அகல்கின்றன, உடம்பு ஒடுங்குகிறது, கதை அவரைப் பிடித்துக்கொள்கிறது. நிலாச்சோறு பிசைந்துகொண்டே பாட்டி கதை சொல்லும்போது நாமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். எங்கள் வீட்டில் இந்தக் காட்சி வந்தால், என் ஆறு வயதுப் பேரன் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெரியவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறான்.

1981 மே முதல் நாள் வெளியான 'தில்லு முல்லு'வும் அந்த வரிசையில் வரும். மீசையை வைத்துக்கொண்டு ஒரு ரஜினிகாந்தும் எடுத்துவிட்டு ஒரு ரஜினிகாந்தும் தேங்காய் சீனிவாசனை அலைக்கழிக்கும் அந்தப் படத்துக்கு விளக்கம் தேவையில்லை. 2004 ஏப்ரலில் வந்த 'கில்லி' இருபது ஆண்டு கழித்து 2024 ஏப்ரலில் மறுபடி திரையிடப்பட்டபோது, முதல் வெளியீட்டின்போது பிறக்காத பிள்ளைகள் பெற்றோரோடு போய் ஆரவாரம் செய்தார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்குத் தியேட்டர்தான் சரி; அதை வீட்டில் தேட வேண்டாம்.

வீட்டுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. எங்கள் வீட்டில் அது சனிக்கிழமை இரவு, மொட்டைமாடி. வெயில் இறங்கியதும் தளத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளித்தவுடன் ஆவி கிளம்பும், அதனால் அரைமணி நேரம் பொறுத்துப் பாயை விரிக்க வேண்டும். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுபவர்கள் அதன் கீழ் ஓரத்தில் ஒரு மூங்கில் கழியைச் செருகினால் காற்றுக்கு அலையாது. மே மாதத்தில் ஏழு மணிக்கு முன் புரொஜெக்டரைப் போட்டுப் பயனில்லை. நன்றாக இருட்ட வேண்டும். எந்தப் படம் என்பதை வாரத்துக்கு ஒருவர் முடிவு செய்வார். மற்றவர்கள் மறுபேச்சுப் பேசக்கூடாது. என் மனைவிக்கு முட்டிவலி இருந்தபோது, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள் என் மகனும் மருமகளும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, மஜித் மஜிதி என்ற ஈரானிய இயக்குநர் 1997-ல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தை என் பேத்தி தேர்ந்தெடுத்தாள். டெஹ்ரானில் ஓர் ஏழை வீடு. தங்கை ஜாராவின் செருப்பைத் தைத்து எடுத்துவரும் வழியில் அண்ணன் அலி தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொல்ல அஞ்சி, அலியின் ஒரே ஜோடிக் காலணியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். பிறகு ஓர் ஓட்டப் பந்தயம். அதில் மூன்றாவதாக வருபவனுக்குக் காலணி பரிசு. நம் தமிழ்ப் படங்களில் இடைவேளை எங்கே என்பதை மனத்தில் வைத்தே கதை எழுதுகிறார்கள். இந்தப் படத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆகையால் பந்தயம் தொடங்கும் இடத்தில் நாங்களே நிறுத்தினோம். மோரும் மாங்காய்ப் பத்தையும் சுற்றி வந்தன. அலி எத்தனையாவதாக வர வேண்டும் என்று பேச்சு எழுந்தது. முதலாவதாக வரட்டும் என்றான் பேரன். மூன்றாவதாகத்தான் வர வேண்டும், தங்கைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறானே என்றாள் பேத்தி. "வேண்டுமென்றே பின்தங்கி ஓடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?" என்று என் மருமகள் கேட்டாள். அவள் பள்ளி நாளில் ஓட்டக்காரி என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மாவட்டப் போட்டி வரை போய், திருமணப் பேச்சு வந்ததும் நிறுத்திக்கொண்டாளாம். எட்டு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

அதன் பிறகு நாங்கள் பார்த்த அந்தப் பந்தயம் வேறாக இருந்தது. அலி முதலாவதாக வந்துவிட்டு அழுகிறான். எல்லோரும் அவனைத் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். வீட்டு முற்றத்துத் தொட்டியில் புண்ணான கால்களை அவன் விடும்போது மீன்கள் வந்து கால்களைச் சுற்றுகின்றன. பேத்தி எழுந்துபோய் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டாள்.

இன்றைக்கு எந்தப் படத்தையும் எந்த நொடியிலும் நிறுத்தலாம். ஆனால் அவரவர் தனித்தனியாக நிறுத்துகிறோம். நிறுத்திவிட்டு வேறொன்றுக்குப் போய்விடுகிறோம். ஒரே வீட்டில் நான்கு அறையில் நான்கு படம் ஓடுகிறது. கைப்பேசியை நான் குறை சொல்லவில்லை. நடமாட முடியாத என் அக்காவுக்கு அதுதான் கொட்டகை. ஆயினும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1957 ஏப்ரலில் வந்த 'மாயா பஜார்' படத்தின் மாயப் பெட்டி நினைவுக்கு வரும். அந்தப் பெட்டியைத் திறந்தால் திறப்பவர் மனத்துக்கு மிகவும் விருப்பமானது அதில் தெரியும். பலராமனின் மகள் வத்சலைக்கு அவள் காதலன் அபிமன்யு தெரிகிறான், அவள் தாய் ரேவதிக்கு நகைகள், பலராமனுக்குத் துரியோதனன். அவரவர் ஆசை அவரவருக்குத் தெரியும் பெட்டியை அன்றைக்கே கற்பனை செய்துவிட்டார்கள். ஆனால் அங்கே குடும்பம் முழுவதும் கூடியிருக்கும்போது அது திறக்கப்படுகிறது. யாருக்கு எது விருப்பம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கதை நகர்வதும் அதனால்தான்.

கே.வி. ரெட்டி இயக்கிய அந்தப் படத்தில் மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா காட்டும் நிலவொளிப் படகுக் காட்சியை, மேலே உண்மையான நிலா இருக்கும்போது திறந்த வெளியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எஸ்.வி. ரங்காராவின் கடோத்கசன் கல்யாணச் சமையலின் முன் அமர்ந்ததும் லட்டுகள் தாமாக எழும்பி அவர் வாய்க்குள் போகும்போது, எந்தக் குழந்தையும் அதை எப்படி எடுத்தார்கள் என்று முதலில் கேட்பதில்லை. தனக்கும் ஒன்று வேண்டும் என்றுதான் கேட்கிறது.

அந்தப் படத்தைத்தான் இந்த உரை முடிந்ததும் இதே முற்றத்தில் திரையிடப் போகிறோம். வாசகர் வட்டத்தாரிடம் நான் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். அவர்களும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு இடைவேளை உண்டு, ஒவ்வொன்றும் கால் மணி நேரம். முதல் இடைவேளையில் சுண்டலும் பானகமும் தருவார்கள். பாய் கொண்டுவராதவர்களுக்கு மேடையின் இடப்பக்கம் ஜமக்காளம் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டிருக்கிறோம், திரை நன்றாகத் தெரியும். குழந்தைகள் முன்னால் வரலாம். வணக்கம்.