டோக்கியோவில் உட்கார்ந்து ஜப்பானைப் படிக்கும் ஜெர்மானியர்கள்

[காட்சி: டோக்கியோ, கியோயிச்சோ பகுதி. கல்லூரி மாணவர்கள் கூட்டமாகக் கடக்கும் தெரு.]

வணக்கம். ஜப்பானைப் பற்றி நமக்கு வந்து சேரும் வீடியோக்களில் பெரும்பாலானவை மூன்றே சங்கதிகளைச் சுற்றி வருகின்றன: நொடி பிசகாத ரயில், உணவு பரிமாறும் ரோபோ, தனிமையில் இறந்துபோகும் முதியவர். மூன்றும் உண்மைதான். ஆனால் அந்த முதியவரைப் பக்கத்து வீட்டுக்காரர் கடைசியாக எப்போது பார்த்தார், மகள் ஏன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள், நகராட்சியிலிருந்து யாராவது வந்து பார்த்தார்களா என்று விசாரிக்க அந்த வீடியோக்களுக்குப் பொறுமை இல்லை.

அப்படி விசாரிப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு நிறுவனம் டோக்கியோவின் சோபியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய கட்டடத்தில் இயங்குகிறது. அதற்குச் செலவு செய்வது ஜெர்மனி அரசு. ஜப்பானிய ஆய்வுகளுக்கான ஜெர்மன் நிறுவனம் என்பது பெயர், சுருக்கமாக டி.ஐ.ஜே. ஒரு நாடு தன் வரிப்பணத்தைச் செலவழித்து இன்னொரு நாட்டின் சமூகத்தைப் பல பத்தாண்டுகளாக ஏன் படிக்க வேண்டும்?

[காட்சி: 1980-களின் டோக்கியோ, பங்குச்சந்தை.]

நிறுவனம் தொடங்கிய ஆண்டு 1988. பெர்லின் சுவர் அப்போது விழவில்லை. தொடங்கியது மேற்கு ஜெர்மனி. ஜப்பானின் நிலமும் பங்குகளும் விண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தன. கார், கேமரா என்று ஜெர்மனி பெருமைப்பட்ட தொழில்களிலெல்லாம் ஜப்பானியர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் புரிந்துகொள்ளாவிட்டால் கதை முடிந்தது என்ற கவலை ஐரோப்பாவில் பரவியிருந்த காலம் அது.

நிறுவனத்தை நடத்த அமைத்த அறக்கட்டளைக்கு பிலிப் ஃபிரான்ஸ் ஃபான் சீபோல்ட் என்பவரின் பெயரைச் சூட்டினார்கள். இவர் கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். 1823-இல், நாகசாகித் துறைமுகத்தின் டெஜிமா என்ற சின்னஞ்சிறு செயற்கைத் தீவில் இருந்த டச்சு வணிக நிலையத்துக்கு மருத்துவராக வந்த ஜெர்மானியர் அவர். ஜப்பான் வெளியுலகத்துக்குக் கதவடைத்திருந்த காலம். சீபோல்ட் மருத்துவம் கற்றுக்கொடுத்தார்; மாணவர்களைக் கொண்டு செடிகளையும் புழங்குபொருள்களையும் ஊர்ச் செய்திகளையும் திரட்டினார். 1828-இல், வெளிநாட்டவர் கைக்குப் போகக்கூடாத ஜப்பான் வரைபடங்கள் அவரிடம் இருப்பது வெளியே தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு அவரை நாடு கடத்தினார்கள். வரைபடம் கொடுத்த அரசு வானியலாளர் தகஹாஷி ககெயாசு சிறையிலேயே இறந்துபோனார்.

தகவல் தேடி வந்தவர் உயிரோடு ஊர் திரும்பினார். தகவல் தந்தவர் திரும்பவில்லை. பிறர் சமூகத்தை ஆராயப் போகும் எவரும் இந்தச் சம்பவத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

இன்று டி.ஐ.ஜே. தனித்து நிற்கும் அமைப்பு அல்ல. ரோம், பாரிஸ், லண்டன், இஸ்தான்புல் போன்ற நகரங்களில் இருக்கும் ஜெர்மன் ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து, மாக்ஸ் வெபர் அறக்கட்டளையின் கீழ் வருகிறது. நமக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பாண்டிச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இதே வகைதான்.

[காட்சி: ஜப்பானின் பிறப்பு விகிதக் கோட்டுப்படம், 1950 முதல்.]

தொடக்கத்தில் பணக்கார ஜப்பானைப் படிக்க வந்தவர்கள், விரைவிலேயே முதுமையடையும் ஜப்பானைப் படிக்க நேர்ந்தது. திரையில் இருக்கும் கோட்டில் 1966-ஐப் பாருங்கள். திடீரென்று ஒரு பள்ளம். அது ஜப்பானின் மரபு நாட்காட்டியில் 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்பது பழைய நம்பிக்கை; செவ்வாய் தோஷம் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் பயந்து குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.58 குழந்தைகள் என்று விகிதம் விழுந்தது. மறு ஆண்டே நிமிர்ந்துவிட்டது.

பிறகு 1989-இல் எந்த நம்பிக்கையும் காரணமாக இல்லாமலேயே விகிதம் 1.57-க்கு இறங்கியது. மறு ஆண்டு இந்த எண் வெளியானபோது நாடே அதிர்ந்தது; '1.57 அதிர்ச்சி' என்றே அதற்குப் பெயர். 2005-இல் 1.26. சுமார் 12.8 கோடியைத் தொட்ட மக்கள்தொகை 2008-க்குப் பிறகு சரியத் தொடங்கியது.

ஜெர்மனியிலும் பிறப்பு குறைந்துகொண்டிருந்தது. போரில் தோற்று, தொழிலால் எழுந்து, அடுத்து முதுமையை எதிர்கொண்ட இரண்டு நாடுகள். 2004 முதல் பத்து ஆண்டுகள் டி.ஐ.ஜே.யின் இயக்குநராக இருந்த மொழியியலாளர் ஃபுளோரியன் கூல்மாஸ் காலத்தில் மக்கள்தொகை மாற்றமே நிறுவனத்தின் மைய ஆய்வுப் பொருளாக இருந்தது. முதியோர் சந்தை, வெளிநாட்டுச் செவிலியர்கள், காலியாகும் கிராமங்கள் என்று அது கிளை விட்டது.

இரு நாடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் என்ன தெரியவரும்? முதியோர் பராமரிப்புக் காப்பீட்டை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனி இதை 1995-இல் கொண்டுவந்தது. அதைக் கவனமாகப் பார்த்த ஜப்பான், 2000 ஏப்ரலில் தன் திட்டத்தைத் தொடங்கியது. நாற்பது வயதானால் சந்தா கட்ட வேண்டும்.

[காட்சி: ஒரு வீட்டின் முன்னறை. தாழ்வான மேசை, தேநீர்க் கோப்பை, படிவத்தோடு ஒரு பெண்.]

உதவி வேண்டும் என்று விண்ணப்பித்தால் நகராட்சியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருகிறார். கையில் 74 கேள்விகள். படுக்கையில் தானாகப் புரண்டு படுக்க முடிகிறதா? ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா? நகம் வெட்டிக்கொள்ள முடிகிறதா? விழுங்க முடிகிறதா? உங்கள் பெயர் என்ன? வயது என்ன? இப்போது என்ன பருவம்? இந்த விடைகளை வைத்து, இவருக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் உதவி தேவைப்படும் என்று கணினி கணக்கிடுகிறது. மருத்துவர்களும் நலத்துறை வல்லுநர்களும் அடங்கிய குழு அதைச் சரிபார்த்து, ஏழு நிலைகளில் ஒன்றில் அவரைச் சேர்க்கிறது. எதிலும் சேராதவரும் உண்டு. பராமரிப்பு மேலாளர் ஒருவர் வாராந்திரத் திட்டம் போட்டுக்கொடுக்கிறார்: இந்த நாளில் குளிப்பாட்ட ஆள், அந்த நாளில் பகல் நேர மையம். செலவில் பத்தில் ஒரு பங்கு பயனாளியுடையது. வருமானம் கூடினால் அந்தப் பங்கும் கூடும்.

ஜெர்மனியிடமிருந்து ஜப்பான் வேண்டுமென்றே எடுத்துக்கொள்ளாத ஓர் அம்சம் உண்டு. ஜெர்மனியில் சேவைக்குப் பதிலாகப் பணமாகவே வாங்கி, பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குக் கொடுக்கலாம். ஜப்பானில் அந்த வழி கிடையாது. பணம் என்று வந்துவிட்டால், அதைக் காட்டியே மருமகளை மாமியாரின் படுக்கையோரம் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று ஜப்பானியப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. அந்தக் குரல் எடுபட்டது. ஒரு காப்பீட்டுச் சட்டத்தின் ஒற்றை விதிக்குள் ஒரு சமூகத்தின் மருமகள்கள் பட்ட பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஜப்பானை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இல்லாத ஒரு விதி கண்ணில் படாது. இன்னொரு நாட்டின் சட்டத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் படும்.

அடுத்தது குழந்தை வளர்ப்பு. 2012-இல் டி.ஐ.ஜே. ஜப்பான் முழுவதும் சிறு குழந்தைகளின் தாய்மாரிடமும் தந்தைமாரிடமும் கணக்கெடுப்பு நடத்தியது. வருமானம், துணைவர் தரும் உதவி, குழந்தைகள் காப்பகம் என்று ஒவ்வொன்றிலும் மனநிறைவு எவ்வளவு என்பது கேள்வி. ஜெர்மானியப் பெற்றோரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நோக்கம். காப்பகத்தில் இடம் கிடைக்காமல் தவிப்பது அப்போது ஜப்பானில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட பிரச்சினை. 2017-இல்கூட 26,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசுப் பதிவின்படியே காத்திருப்பில் இருந்தார்கள்.

தந்தையர் விடுப்பின் கதை இன்னும் சுவையானது. ஜெர்மனி 2007-இல் ஒரு விதி கொண்டுவந்தது: ஒருவர் மட்டும் விடுப்பு எடுத்தால் 12 மாதம் உதவித்தொகை, இருவரும் பகிர்ந்துகொண்டால் 14 மாதம். 2010-இல் ஜப்பானிலும் அதே போன்ற ஏற்பாடு வந்தது. ஆனால் 2012-இல் விடுப்பு எடுத்த ஜப்பானியத் தந்தையர் 1.89 சதவீதம்தான். சட்டம் இருந்தது, மேலதிகாரியிடம் போய்க் கேட்கும் துணிவு வரவில்லை. 2022-இல் ஜப்பான் சட்டத்தைத் திருத்தி, விடுப்பு வேண்டுமா என்று நிறுவனமே ஊழியரிடம் கேட்டாக வேண்டும் என்று ஆக்கியது. குழந்தை பிறந்த முதல் சில வாரங்களுக்குத் தனி விடுப்பும் வந்தது. 2023-இல் விகிதம் 30.1 சதவீதம். கேட்கும் பொறுப்பு யார் தலையில் இருக்கிறது என்பதை மாற்றியதற்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

[காட்சி: 0 முதல் 10 வரை எண்கள் அச்சிட்ட கேள்வித்தாள்.]

கூல்மாஸ் காலத்தில் டி.ஐ.ஜே. எடுத்துக்கொண்ட இன்னொரு பெரிய பொருள் மகிழ்ச்சி. '0 முதல் 10-க்குள், நீங்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?' என்று கேட்டுப் பட்டியல் போடுவது இன்று உலக வழக்கமாகிவிட்டது. அந்தப் பட்டியல்களை அப்படியே நம்பக்கூடாது. ஜப்பானியர்கள் இத்தகைய கேள்விகளுக்கு நடுவிலுள்ள எண்களை வட்டமிடும் பழக்கமுள்ளவர்கள். அதிக எண் போடுவது அகந்தையாகத் தோன்றலாம். அடுத்தவர் கண் பட்டுவிடும் என்ற அச்சமும் இருக்கலாம். ஐந்து போட்ட ஜப்பானியரும் ஐந்து போட்ட ஜெர்மானியரும் ஒரே மனநிலையில் இருக்கிறார்கள் என்று பெர்லினில் இருந்துகொண்டு முடிவு கட்ட முடியாது. மொழி தெரிந்தவர்கள் அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கி, கேள்வித்தாளுக்கு வெளியேயும் ஆட்களோடு பேச வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு நிறுவனத்துக்குச் செலவழிக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

டி.ஐ.ஜே.யின் ஆய்வாளர்கள் சில ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து திரும்புகிறவர்கள். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானைப் பற்றிப் பாடம் நடத்தும் பலர் இந்த இடத்தைக் கடந்து போனவர்களே. 2014-இல் பொருளியலாளர் ஃபிரான்ஸ் வால்டன்பெர்கர் இயக்குநரானார். ஊர்ப்புறங்களின் எதிர்காலம் போன்ற பொருள்கள் முன்னுக்கு வந்தன.

ஜப்பானில் போருக்குப் பின் 1947 முதல் 1949 வரை பிறந்த பெரிய தலைமுறை இப்போது 75 வயதைக் கடந்துவிட்டது. அந்த 74 கேள்விகளோடு வீடு வீடாகப் போக வேண்டியவர்களின் வேலை இனிமேல்தான் உச்சத்துக்கு வரும். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் பிறப்புகள் உச்சம் தொட்டது 1964-இல், 13 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு பிறந்தவர்கள் 75-ஐத் தொடுவது 2039-இல்.

இந்த நிறுவனத்தின் நூலகத்தைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம். அங்கே நடக்கும் ஆய்வுரைகளும் பொதுமக்களுக்குத் திறந்தவை. பெரும்பாலும் ஆங்கிலத்தில், கட்டணம் இல்லாமல். டோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் வசிக்கும் தமிழர்களுக்கு ரயிலில் எட்டும் தொலைவுதான். உரை முடிந்ததும் கேள்வி கேட்க நேரம் ஒதுக்குவார்கள். முடிந்தால் ஒன்றைத் தயார் செய்துகொண்டு போங்கள்.