உலகக் கோப்பை வெல்லாத ஜோனா லோமுவுக்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர்?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நியூசிலாந்தின் ரக்பி வீரர் ஜோனா லோமு உலகக் கோப்பையை ஒருமுறைகூட வெல்லவில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் ஒரு டிரைகூடப் போட்டதில்லை. அப்புறம் ஏன் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?"

நீங்கள் சொன்ன இரண்டும் உண்மைதான். ஆனால் அவர் எந்த உடம்போடு ஆடினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

ரக்பியில் டெஸ்ட் என்றால் நாடுகளுக்கு இடையிலான ஆட்டம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது டிரை, 5 புள்ளி. ஓரத்தில் ஓடும் விங் ஆட்டக்காரர்கள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஒல்லியாக, வேகமாக இருப்பார்கள். லோமு ஆறடி ஐந்து அங்குலம், கிட்டத்தட்ட 120 கிலோ. அந்த உடம்போடு நூறு மீட்டரை 11 வினாடிக்குள் ஓடுவார். டோங்கா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து, தெற்கு ஆக்லாந்தில் வளர்ந்த பையன். 1994-இல் ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து தேசிய அணிக்காக முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 19 வருடம் 45 நாள்.

மறு வருடம் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை. அதற்கு முன் அவர் ஆடியிருந்தது இரண்டே டெஸ்ட். கேப் டவுனில் இங்கிலாந்துடன் அரையிறுதி, ஆட்டம் தொடங்கி இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. பந்து அவருக்குப் பின்னால் போய் விழுகிறது. திரும்பி எடுக்கிறார், டோனி அண்டர்வுட்டைத் தாண்டுகிறார். வில் கார்லிங் கணுக்காலைத் தட்ட, தடுமாறுகிறார். எதிரே மைக் கேட் நிற்கிறார். லோமு ஒதுங்கவே இல்லை, அவர் மேலேயே ஏறிப் போய்விட்டார்! அன்றைக்கு மட்டும் நான்கு டிரை, அந்தத் தொடரில் மொத்தம் ஏழு.

இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கா அவரை மடக்கும் வேலையை ஒரே ஆளிடம் விடவில்லை. ஒருவர் பிடித்தால் அடுத்த நொடி இன்னும் இரண்டு பேர் வந்து விழுந்தார்கள். கூடுதல் நேரத்தில் 15-12 என்று தோல்வி. ஒருவரை மடக்க ஓர் அணியே திட்டம் போட வேண்டியிருந்தது என்பதை நான் அவர் குறையாகப் பார்க்க மாட்டேன்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரக்பி யூனியன், அதாவது லோமு ஆடிய வகை ரக்பி, வீரர்கள் சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறை ஆட்டமானது. லோமுவால்தான் அது நடந்தது என்று சிலர் சொல்வது மிகை. பேச்சுவார்த்தைகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. ஆனால் ரக்பியே தெரியாத நாடுகளிலும் ஒரு முகம் தெரிந்தது என்றால் அது இவருடையதுதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த உலகக் கோப்பை முடிந்து அதிக காலம் ஆகவில்லை, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று கண்டுபிடிக்கிறார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடும். உடம்பில் நீர் கோர்த்து வீங்கும், சோர்வு விடாது. படியேறவே சிரமப்படுத்தும் நோய் இது. இதற்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டேதான் 1999 உலகக் கோப்பையில் எட்டு டிரை போட்டார். இரண்டு உலகக் கோப்பையும் சேர்த்து 15. தென்னாப்பிரிக்காவின் பிரயன் ஹபானா அதைச் சமன் செய்ய 2015 வரை ஆனது. மொத்தம் 63 டெஸ்டில் 37 டிரை.

2002-இல் கடைசி டெஸ்ட் ஆடும்போது அவருக்கு வயது 27தான். 2003-இல் டயாலிசிஸ். 2004-இல் வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர் கிராண்ட் கெரேமா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். அதோடு ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் மாற்றுச் சிறுநீரகத்தோடு வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் புளூஸ் அணிக்கு ஆடப் போனார்! அந்தச் சிறுநீரகமும் 2011-இல் செயலிழந்தது, மறுபடி டயாலிசிஸ். 2015 நவம்பர் 18 அன்று, 40 வயதில் இறந்தார். இதைச் சொல்லும்போது இன்னமும் எனக்கு மனசு கனக்கிறது.

முதலில் எந்த ஆட்டத்தைப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் மைக் கேட் காட்சியைத்தான் காட்டுவார்கள். நான் 2000-இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த ஆட்டத்தைச் சொல்வேன். ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். கடைசி நேரம், நியூசிலாந்து பின்தங்கியிருக்கிறது. பந்து இடது ஓரத்தில் லோமுவிடம் வருகிறது. ஸ்டீபன் லார்க்கம் பிடிக்கப் பாய்கிறார். இந்த முறை லோமு யாரையும் இடிக்கவில்லை. எல்லைக்கோட்டை மிதிக்காமல், நுனிக்காலில் நடப்பது போல அதை ஒட்டியே ஓடி டிரை போடுகிறார். 39-35. அந்தக் கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள்.