வராத பிள்ளையை யார் தேடிப் போவது?

[காட்சி: விடியற்காலை, இலங்கையின் கிழக்கே மூதூர்ப் பக்கத்துக் கடற்கரை. கரைவலை இழுக்கும் ஆட்களுக்கு நடுவே ஒரு பையன்.]

குரல்: மணி ஆறரை. ஏழரைக்கு இவன் தரம் 8 வகுப்பில் இருக்க வேண்டும். கற்பனைப் பையன்தான். ஆனால் கொட்டியாரக் குடாவைச் சுற்றிப் படிப்பிக்கிற எந்த ஆசிரியரைக் கேட்டாலும், "இவனை எனக்குத் தெரியுமே" என்பார்.

[காட்சி: வரவு இடாப்பு. விரல் ஒரு பெயரில் நிற்கிறது.]

வகுப்பாசிரியர் சொல்வார்: "திங்கள் வந்தால் செவ்வாய் இல்லை. வந்தாலும் மேசையில் நித்திரை." கணித ஆசிரியர்: "கரும்பலகையைப் பார்த்து எழுதவே மாட்டான், சரியான சோம்பேறி."

கிராம உத்தியோகத்தருக்கு வேறு ஒன்று தெரியும். தாய் சவூதியில் வீட்டு வேலைக்குப் போய்விட்டார், பிள்ளை அம்மம்மாவோடு இருக்கிறான். வலைச் சொந்தக்காரருக்கு, இழுத்த நாளெல்லாம் அவனுக்கு ஒரு பங்கு கொடுப்பது தெரியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் தாளிலோ, தரம் 7 மருத்துவப் பரிசோதனை அன்று அவன் வரவில்லை என்று இருக்கிறது. தரம் 1, 4, 7, 10 என்று ஒழுங்காக நடக்கிற பரிசோதனை அது. பார்வைக் குறை அன்றைக்கே பிடிபட்டிருக்கலாம். யாரைக் கட்டாயம் பார்க்க வேண்டுமோ, அந்தப் பிள்ளைதான் அன்றைக்கு வராது!

ஆளுக்கொரு துண்டு தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைக்கிறவர்தான் பாடசாலைச் சமூகப் பணியாளர். அமெரிக்காவில் 1906 அளவில், நியூயோர்க், பொஸ்டன் போன்ற நகரங்களில், வீடு தேடிப் போகும் ஆசிரியர்களாக இவர்கள் தொடங்கினார்கள். நம்மூர்ப் பாடசாலைகளில் பெரும்பாலும் இப்படியொரு பதவியே கிடையாது. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தாலும், பாடம் எடுத்து மிஞ்சிய நேரத்தில்தான் இதைப் பார்ப்பார். ஆனால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் என்று ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடிதம் போகும். பதில் கடிதம் வரும். கோப்பு தடிக்கும். இதைக் கூட்டு வேலை என்று நான் சொல்லமாட்டேன்.

[காட்சி: ஓலை வேலி. முற்றத்தில் ஒரு கதிரை.]

வேலை முற்றத்தில்தான் தொடங்குகிறது. "வாங்க பிள்ளை, இருங்க" என்று அம்மம்மா கதிரையை இழுத்துப் போடுவார். வீடு தேடிப் போன உத்தியோகத்தர் எடுத்த எடுப்பில் "ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை?" என்று கேட்டால் கதை அதோடு சரி. "காலையில யார் அம்மா சமைக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக் கடன், வராத காசு, முழங்கால் வலி எல்லாம் வரும். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் முதல் வாயில் அல்ல.

[காட்சி: அதிபர் அறை. ஐந்து பேர், தேநீர்.]

பிறகு எல்லோரும் ஒருமுறை கூடி இருக்க வேண்டும். இங்கே கவனம்: வீட்டில் கேட்டதெல்லாம் மேசைக்கு வரக்கூடாது. கணித ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது, இவனுக்குத் தூரத்தில் எழுத்துத் தெரியவில்லை, முன் வாங்கில் இருத்துங்கள் என்பது மட்டுமே. தாய் தகப்பன் சண்டை அவருக்கு எதற்கு? ஆசிரியர் அறைக்குப் போன கதை பின்னேரம் சந்தைக்கு வந்துவிடும். பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் மட்டும் கூட்டத்துக்குக் காத்திருக்கக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்குகிறது.

கூட்டம் முடியும்போது தாளில் பெயரும் திகதியும் இருக்க வேண்டும். கண் கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது? அம்மம்மாவுக்கு உதவிப்பணம் கிடைக்குமா என்று யார் பார்ப்பது? "நாங்கள் கவனிக்கிறோம்" என்று எழுதினால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

[காட்சி: முன் வாங்கு. கண்ணாடி போட்ட பையன். அடுத்த காட்சியில் அந்த இடம் வெறுமை.]

மூன்று கிழமை ஒழுங்காக வந்தான். இந்த வெள்ளி வரவில்லை. கடலில் மீன் பட்டிருக்கிறது. முன்பென்றால் இடாப்பில் குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள். இன்றைக்கு முதல் பாடம் முடிய முன்னே, வகுப்பாசிரியர் அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கிறார்.